குப்பை கொட்டப் போன அம்மா

பெற்ற பிள்ளைமேல் பாசம் இருக்கிறது என்று சீட்டு வாங்கி வந்து காட்டவேண்டிய காலம் வரும் என்று போன வருஷம் யாராவது சொல்லியிருந்தால் சுண்டுவின் அம்மா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இப்போது அந்தச் சீட்டுக்காகத்தான் காலை எட்டரை மணியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையில் நாற்பத்தொன்றாம் எண் டோக்கன். பக்கத்து நாற்காலியில் சுண்டு. நான்கு வயது முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

மடியில் ஏன் வைத்துக்கொள்ளவில்லை என்று கேட்பீர்கள். மடி கூடாது. தாய்சேய்ப் பிணைப்பு மேம்பாட்டு மையத்தின் காத்திருப்பு அறையில் ஆளுயரப் பலகை ஒன்று வைத்திருந்தார்கள்: "மதிப்பீட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து குழந்தையைத் தூக்குதல், கொஞ்சுதல், மடியில் வைத்தல் கூடாது. முத்தம் அறவே கூடாது." கொஞ்சினால் மதிப்பெண் செயற்கையாக ஏறிவிடுமாம். ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு போவதில்லையா, அதுபோல இங்கே வெறுங்கையோடு வரவேண்டும். நாற்பது குழந்தைகள் "தூக்கு, தூக்கு" என்று கையை நீட்டிக்கொண்டிருக்க, நாற்பது அம்மாக்கள் கையை இறுகக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிணைப்பு அங்கே மும்முரமாக மேம்பட்டுக்கொண்டிருந்தது.

சுண்டுவின் அம்மாவுக்கு லிஃப்ட் கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் போனில் கத்துவார்கள். "பதறாதீங்க சார், ஆள் வந்துகிட்டே இருக்காங்க" என்று அவள் சொல்லவேண்டும். ஆள் பெரும்பாலும் அந்த நேரத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பார். வீட்டில் சுண்டுவை எதிர்வீட்டு அக்கா பார்த்துக்கொண்டார். அந்த அக்கா அடுத்த மாதம் வீடு மாறுகிறார். கம்பெனியிலேயே குழந்தைகள் காப்பகம் உண்டு, ஆனால் அங்கே சேர்க்க மையத்தின் பச்சைச் சீட்டு வேண்டும் என்று புது விதி. பச்சை என்றால் பிணைப்பு நன்று. சிவப்பு என்றால் என்னவென்று அப்போது அவளுக்குத் தெரியாது.

டோக்கன் அழைக்கப்பட்டது. தலைமை ஆலோசகர் மேடம் அவளை உட்காரவைத்து விளக்கினார்.

"பயப்பட ஒண்ணும் இல்லம்மா. குழந்தையை அந்த ரூம்ல விளையாட விட்டுட்டு நீங்க வெளிய போகணும். மூணு நிமிஷம் கழிச்சு உள்ள வரணும். அவ்வளவுதான். நாங்க கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்ப்போம்."

"அவன் என்ன பண்ணணும் மேடம்?"

"அழணும். நீங்க போன முப்பது விநாடிக்குள்ள அழ ஆரம்பிக்கணும். தொண்ணூறு விநாடியாவது அழணும். ரெண்டரை நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. உங்களைப் பார்த்ததும் நிறுத்தணும். மத்தபடி இயல்பா இருக்கட்டும், நாங்க எதையும் கட்டாயப்படுத்துறதில்ல."

பக்கத்தில் ஸ்டாப்வாட்சோடு ஒருவர் நின்றிருந்தார். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கும். கடிகாரம் பிடிப்பதுதான் அவருடைய முழு உத்தியோகம். எத்தனையோ ஆயிரம் குழந்தைகளின் அழுகையை அளந்தவர், எதற்கும் முகம் மாறாது. அவர் ஒரு படிவத்தை நீட்டினார். அதில் பதினேழாவது கேள்வி: "குற்ற உணர்வு: உண்டு / இல்லை."

அவள் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"உண்டுன்னு போடுங்கம்மா, அரை மார்க் இருக்கு" என்றார் கடிகாரக்காரர்.

போட்டாள். அந்தப் படிவத்திலேயே அவள் எழுதிய ஒரே சத்தியம் அதுதான் என்பது அவருக்குத் தெரியாது.

அறையில் கம்பளம், பொம்மைகள், மூலையில் ஒரு நீலக் குப்பைத்தொட்டி. பிரிவு வாசகம் என்று ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள். அதை ஒரு எழுத்து பிசகாமல் வாசிக்கவேண்டும்.

"அன்புக் குழந்தையே, நான் இப்போது இவ்வறையை விட்டு வெளியே செல்கிறேன். விரைவில் திரும்புவேன். உனது உணர்வுகளை நான் மதிக்கிறேன்."

சுண்டு ஒரு மரக்கட்டையின்மேல் இன்னொன்றை வைத்துக்கொண்டே, "சரி, போ" என்றான்.

மூன்று நிமிஷம் அவன் தலையைக்கூடத் தூக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் கடிகாரக்காரர் "பூஜ்யம்" என்று பதிவு செய்தார். மேடம் உச்சுக்கொட்டினார். அம்மா திரும்பி உள்ளே போகக் கதவைத் திறந்த சமயம், அவளோடு கூடவே துப்புரவு அக்காவும் நுழைந்தார். யாரையும் கவனிக்காமல் நேரே மூலைக்குப் போனார். நீலத் தொட்டியிலிருந்த பையை உருவி, வாயைச் சுருட்டி, ஒரு முடிச்சுப் போட்டார்.

சுண்டு வீறிட்டான். கட்டைகளைத் தட்டிவிட்டு ஓடி, துப்புரவு அக்காவின் காலைக் கட்டிக்கொண்டான். "போகாத, குப்பை கொட்டப் போகாத, வேணாம், வேணாம்" என்று மூச்சு முட்ட அழுதான். பையைப் பிடித்து இழுத்தான். முகம் கறுத்துவிட்டது. துப்புரவு அக்கா வெலவெலத்துப்போய், "தம்பி, கண்ணு, நான் ஒண்ணும் பண்ணலியே" என்று பையைக் கீழே போட்டார். பை கீழே விழுந்ததும்தான் அழுகை அடங்கியது.

கண்ணாடிக்குப் பின்னால் கைதட்டல் கேட்டது.

இது ஏன் என்று அந்த அறையில் ஒருத்திக்குத் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை.

விஷயம் இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்பு அவள் மறுபடி வேலைக்குப் போன முதல் நாள், சுண்டு சேலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஆபீசுக்கு நேரமாயிற்று. சமையலறையில் குப்பைப் பை இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு, "அம்மா குப்பை கொட்டிட்டு வரேண்டா" என்றாள். குப்பை கொட்ட ஒரு நிமிஷம்தானே என்று அவன் விட்டுவிட்டான். அவள் போனவள் சாயங்காலம் ஆறரைக்கு வந்தாள். மறுநாளும் அதையே சொன்னாள். அதற்கு மறுநாளும். பையைக் கண்டால் அவன் முரண்டுபிடிக்க ஆரம்பித்த பிறகும், குப்பைதான் என்று காட்டிவிட்டு, அழுகை முற்றுமுன் படியிறங்கிவிடுவாள். சில நாட்கள் குப்பையே சேராது. அன்றைக்குப் பழைய செய்தித்தாளைக் கசக்கிப் பைக்குள் திணித்து, குப்பை மாதிரி ஆக்கி எடுத்துக்கொண்டு போவாள். வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக். அவரே சில காலைகளில் பேப்பரைக் கசக்கிக் கொடுத்து, "இன்னும் கொஞ்சம் உப்பலா இருந்தா நம்புவான்" என்று யோசனை சொன்னதும் உண்டு.

ஆக, "வெளிய போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனால் அம்மா வந்துவிடுவாள் என்பது சுண்டுவின் கணக்கு. குப்பைப் பை கட்டினால் மட்டும் பகல் முழுக்க ஆள் காணாமல் போய்விடும். எதிர்வீட்டு அக்கா ஒரு தடவை குப்பை கொட்டக் கிளம்பியபோது அவன் கதவில் குறுக்கே படுத்துக்கொண்டானாம். "எதுக்கு இப்படிப் பண்றான்?" என்று அந்த அக்கா சிரித்துக்கொண்டே கேட்டபோது, இவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அதை நினைத்தால் இப்போது அவளுக்குத் தன் முகத்தில் தானே அறைந்துகொள்ளவேண்டும்போல இருந்தது.

மையத்துக்கு இதெல்லாம் தெரியாது. மையம் விஞ்ஞானபூர்வமானது. ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டு முடிவைச் சொன்னார்கள்: குழந்தையின் முதன்மைப் பிணைப்பு துப்புரவுப் பணியாளரோடு அமைந்திருக்கிறது.

"எப்ப பழகினீங்க?" என்று மேடம் துப்புரவு அக்காவைக் கேட்டார்.

"குப்பை எடுக்கத்தான் மேடம் போனேன்."

"குழந்தை தேர்ந்தெடுத்துடுச்சும்மா. இனி நீங்க இணைத்தாய். வாரம் ரெண்டு நாள் வந்து பக்கத்துல உட்காரணும். இந்தப் படிவத்தை நிரப்பிக் குடுங்க."

"எனக்கு ரெண்டு புள்ளைங்க வளர்ந்து நிக்குது. மூணாவது தாங்காது. மூணு மாடி கூட்டணும், ஆளை விடுங்க."

அடுத்த முறை இணைத்தாயை மூன்று நிமிஷம் வெறுங்கையோடு வெளியே போகச் சொன்னார்கள். சுண்டு அவருக்கு ஒரு டாட்டா காட்டிவிட்டுக் கட்டையை அடுக்கினான். மையத்தில் பெரும் குழப்பம். பிறகு தொட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு போனார்கள். அழுகை வந்தது. முப்பது விநாடிக்குள் ஆரம்பித்து, தொண்ணூறைத் தாண்டி, தொட்டி திரும்பி வந்ததும் நின்றது. கடிகாரக்காரர் தன் சர்வீசிலேயே இவ்வளவு சுத்தமான அழுகையைப் பார்த்ததில்லை என்றார்.

ஆக, சுண்டு பற்றுவைத்திருப்பது குப்பைத்தொட்டியிடம் என்று கோப்பில் ஏறியது. அம்மாவுக்கு நீலத் தொட்டி ஒன்றைக் கொடுத்து, அதைச் சாப்பிடும்போது கூடவே வைத்துக்கொள்ளவும், மரியாதையாக நடத்தவும், தொட்டியிடமிருந்து கற்றுக்கொள்ளவும் சொன்னார்கள். அவள் தொட்டியோடு பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தாள். உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்றுதானே கேட்கிறீர்கள். சொல்லத்தான் போனாள்.

"மேடம், இதுல என் தப்பு ஒண்ணு இருக்கு. நான் அவன்கிட்ட ரெண்டு வருஷமா..."

"தாயின் தவறு ஒன்பதாம் பக்கம்மா. நாலு வரிக்குள்ள எழுதுங்க. நேர்ல சொன்னா நாங்க எடுத்துக்க முடியாது, நடுநிலை போயிடும்."

நாலு வரியில் எழுதிப் பார்த்தாள். "மகனிடம் பொய் சொன்னேன்" என்று ஆரம்பித்தவளுக்கு, காப்பகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அடித்துவிட்டு, "பணிச்சுமை" என்று எழுதினாள். நல்லவள்தான், ஆனால் பயந்தவள். பயந்தவர்களை வைத்துத்தானே இப்படி மையங்கள் நடக்கின்றன.

மூன்றாவது முறை எல்லாப் பெற்றோரையும் கூட்டி மேடம் உரையாற்றினார். குழந்தைகள் அம்மாக்களுக்குப் பக்கத்தில், ஒரு முழம் இடைவெளியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"பிணைப்புங்கிறது விளையாட்டு இல்ல. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. அவ பொறந்தநாளுக்கு ஒரு தடவைகூட நான் லீவு போட்டதில்ல. ஏன்னா உங்க குழந்தைங்க எனக்கு முக்கியம். இப்ப அவ என்கிட்ட பேசறதில்ல. அதையும் நான் ஆய்வுக் கட்டுரையா எழுதிட்டேன். தேசிய மாநாட்டுல படிச்சேன், எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினாங்க. இருபத்திரண்டு வருஷமா இந்தத் துறையில குப்பை கொட்டுறேன்..."

சுண்டு கதறினான். நாற்காலியிலிருந்து குதித்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "மேடம் குப்பை கொட்டுறாங்க, நீ போகாத" என்று கத்தினான். கூட்டத்தில் ஒருத்தருக்கும் புரியவில்லை. மேடம் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் பேச்சு ஒரு குழந்தையின் மனதைக்கூடத் தொட்டுவிட்டது என்று குறிப்பில் சேர்க்கச் சொன்னார். அம்மாவின் கை தன்னாலே அவன் முதுகைத் தட்டப் போனது. ஒரு முழ விதி ஞாபகம் வந்து பாதியில் நின்றுவிட்டது.

கூட்டம் முடிந்ததும் அவளைத் தனியே அழைத்தார்கள். சிவப்பு என்றால் என்னவென்று அன்றுதான் தெரிந்தது.

"உங்க பையன் தொட்டிக்கு அழறான், என் பேச்சுக்கு அழறான், உங்களுக்கு அழமாட்டேங்கிறான். வியாழக்கிழமை கடைசி வாய்ப்பு. அதுலயும் நீங்க போகும்போது அழலேன்னா சிவப்பு. பிணைப்பு முகாம். பன்னிரண்டு வாரம் குழந்தை எங்ககிட்ட தங்கும். நீங்க ஞாயித்துக்கிழமை கண்ணாடி வழியா பார்க்கலாம்."

"பிரிச்சு வெச்சா பிணைப்பு எப்படி மேடம் வரும்?"

"ஏக்கம் வரும்மா. ஏக்கம்தான் முதல் படி."

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, மறுநாளைக்காகக் கசக்கி வைத்திருந்த பையைச் சுண்டுவுக்கு முன்னால் வைத்தாள். பன்னிரண்டு வாரம் என்ற வார்த்தை காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆனாலும் அதைவிட இரண்டு வருஷப் பொய் பெரியது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

"இதைப் பிரிச்சுப் பாரு."

சுண்டு கைவைக்கப் பயந்தான். அவளே முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே பேப்பர். அவன் ஒன்றொன்றாக எடுத்து வெளியே போட்டான்.

"குப்பை எங்க?"

"குப்பை இல்லடா. அம்மா பொய் சொன்னேன். குப்பை கொட்டப் போகல. வேலைக்குப் போனேன். நீ அழுவேன்னு அப்படிச் சொல்லிட்டேன்."

"தினமுமா?"

"தினமும்."

அவன் கடைசிப் பேப்பரையும் எடுத்துப் பையைத் தலைகீழாக உதறிப் பார்த்தான். இரண்டு வருஷத்தில் அவள் ஆபீஸ் போனில் எத்தனையோ பேரிடம் வருந்துகிறோம் என்று சொல்லியிருக்கிறாள். இந்தப் பொடியனிடம் மன்னிப்புக் கேட்பது அவ்வளவு சுலபமாக இல்லை. ஆனாலும் கேட்டாள்.

"இனிமே பொய் சொல்ல மாட்டேன். போனா போறேன்னு சொல்லுவேன். எப்ப வருவேன்னும் சொல்லுவேன்."

சுண்டு காலிப் பையைக் கீழே போட்டான். "சரி" என்றான். மறுநாள் காலை அவள் "வேலைக்குப் போறேன், விளக்கு போடுற நேரத்துக்கு வந்துடுவேன்" என்று சொன்னபோது உதட்டைப் பிதுக்கினான், ஆனால் கையை விட்டான். விளக்கு போடும் நேரத்துக்கு அவள் ஓட்டமும் நடையுமாக வந்து நின்றாள். அதற்கு மறுநாளும் அப்படியே. இரண்டே நாளில் அவன் வீட்டுக் குப்பைப் பையை எட்டி உதைத்து விளையாடும் அளவுக்கு வந்துவிட்டான். அவளுக்கு நம்பவே முடியவில்லை. இவ்வளவு சுளுவாக ஒரு பிள்ளை மன்னித்துவிடுமா என்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

வியாழக்கிழமை வந்தது. அவள் அட்டையை ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னாள். "சுண்டு, அம்மா வெளிய போறேன். மூணு நிமிஷத்துல வந்துடுவேன்."

"மூணுதானே?" என்றான் சுண்டு. மூன்று விரலைக் காட்டினான். பிறகு கட்டைகளிடம் திரும்பிவிட்டான்.

அவன் அழவில்லை. சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தான். அவள் வாழ்க்கையில் அவனுக்குக் கொடுத்த நல்லது ஒன்று உண்டு என்றால் அந்த மூன்று விரல்தான். கடிகாரக்காரர் "பூஜ்யம்" என்றார். மேடம் சிவப்பு முத்திரையை எடுத்து மைப்பெட்டியில் அழுத்தினார்.

"மேடம், அவன் என்னை நம்புறான். அதான் அழல."

"நம்பிக்கைக்கு இங்க அளவுகோல் இல்லம்மா. அழுகைக்குத்தான் இருக்கு."

"இன்னொரு தடவை பண்றேன்."

"கடைசி வாய்ப்பு முடிஞ்சது."

கடிகாரக்காரர் தொண்டையைச் செருமினார். "இவங்களுக்கு ஒதுக்கின நேரத்துல இன்னும் ஆறு நிமிஷம் பாக்கி இருக்கு மேடம். போகட்டுமே."

அவள் உள்ளே வந்தாள். சுண்டு நிமிர்ந்து, "மூணு ஆச்சா?" என்று கேட்டான். அவள் நேரே மூலைக்குப் போனாள். நீலத் தொட்டியிலிருந்த பையை உருவினாள். முடிச்சு இரண்டு தடவை நழுவியது. முகாமின் கண்ணாடியும் ஞாயிற்றுக்கிழமையும்தான் அவள் கண்ணுக்குள் நின்றன. வேறு எதையும் நினைக்கவில்லை என்று பின்னால் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதுவும் முழு உண்மை இல்லை. மூன்று நாள் முன்பு கொடுத்த வாக்கு நன்றாகவே நினைவிருந்தது.

"அம்மா குப்பை கொட்டிட்டு வரேன்" என்றாள்.

சுண்டு முதலில் நம்பவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான், பையைப் பார்த்தான். கதவு சாத்தியபிறகு ஒரு சத்தம் கேட்டது. அவள் இதுவரை கேட்ட அழுகை எதிலும் அந்தச் சத்தம் இல்லை. நடைபாதையில் கதவுக்கு வெளியே அவள் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். கடிகாரக்காரர் எண்ணிக்கொண்டிருந்தார். அறுபது. எழுபது. உள்ளே சின்னக் கைகள் கதவைத் தட்டின. அவள் கைப்பிடியைத் தொட்டாள்.

"தொண்ணூறு ஆகட்டும்மா" என்றார் பக்கத்தில் வந்து நின்ற மேடம். "இப்ப திறந்தா எல்லாம் வீணாப் போயிடும்."

அவள் கையை எடுத்தாள். நின்றாள். எண்பத்தைந்துக்குப் பக்கத்தில் தட்டுவது நின்றது, அழுகை மட்டும் கீழே தரையோரமாகக் கேட்டது. தொண்ணூற்றிரண்டில் திறந்தார்கள். அவளைப் பார்த்ததும் அழுகை நின்றது. விதிப்படிதான் நின்றது.

பச்சை முத்திரை விழுந்தது. மேடம் கண் கலங்கி, "பார்த்தீங்களா, மையத்தோட சிகிச்சை எப்படி வேலை செஞ்சிருக்கு" என்றார். நிறைவு அணைப்பு ஒன்று பாக்கி இருந்தது, இருபது விநாடி, வாசல் பலகைக்குப் படமும் எடுக்கவேண்டும். அவள் கம்பளத்தில் மண்டியிட்டுச் சுண்டுவை வாரி எடுத்துக்கொண்டாள். அவன் அவள் கழுத்தில் கைபோட்டான். கடிகாரக்காரர் எண்ண ஆரம்பித்தார்.

சுண்டு அவள் காதுக்குப் பக்கத்தில் மெதுவாகப் பேசினான்.

"நீ குப்பை கொட்டப் போகல. அங்கயேதான் நின்ன. கதவுக்குக் கீழ உன் செருப்பு தெரிஞ்சுது."

அவள் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இருபது" என்றார் கடிகாரக்காரர். "விடலாம்மா."

அவள் விடவில்லை. சுண்டுதான் கையை எடுத்தான்.